சிறுவர் இல்லங்களில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வறுமையோடு ஒப்பிடுவது: திருகோணமலைத் தரவோடு எங்கே தொடங்குவது?

கடற்கரைவீதி எழுதியது:

திருகோணமலை மாவட்டத்தில் குடும்பத்தை விட்டுச் சிறுவர் இல்லங்களுக்குப் போகும் பிள்ளைகள் எந்த மாதிரியான இடங்களில் இருந்து வருகிறார்கள் என்று பார்க்கும் ஓர் ஆய்வுக்கு முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்மாதிரி, பிரித்தானியாவில் கவென்ட்ரி பல்கலைக்கழகத்தின் போல் பைவாட்டர்ஸ் குழு நஃபீல்ட் அறக்கட்டளையின் நிதியோடு செய்த சிறுவர் நலன் ஏற்றத்தாழ்வு ஆய்வு. அங்கே மிக வறிய 10 சதவீத அயல்களில் வாழும் பிள்ளை அரச பராமரிப்புக்குள் எடுக்கப்படவோ பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கப்படவோ உள்ள வாய்ப்பு, மிக வசதியான 10 சதவீத அயல்களின் பிள்ளையை விட 10 மடங்குக்கு மேல் என்று கண்டார்கள்.

என் திட்டம்: 11 பிரதேச செயலகப் பிரிவுகளையும் எடுப்பது. ஒவ்வொரு பிரிவிலும் சிறுவர் இல்லங்களில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை 2012 தொகைமதிப்பின் 18 வயதுக்குட்பட்டோர் தொகையால் வகுத்து வீதம் எடுப்பது. அதை அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) பெறும் குடும்பங்களின் சதவீதத்தோடு வைத்து இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) பார்ப்பது. இதில் எது உடையும்? அவர்கள் சொல்லும் "தலையீட்டின் தலைகீழ் விதி"யை (வறுமை ஒரே அளவானால் வசதியான உள்ளூராட்சியில்தான் பிள்ளைகள் கூடுதலாக எடுக்கப்படுகிறார்கள் என்பது) இங்கே சோதிக்க முடியுமா? அனுமதி யாரிடம் கேட்பது?

வெருகலாறு எழுதியது:

முதலில் உடைவது தொகுதி எண் (வகுபடும் எண்). இல்லம் இருக்கும் இடத்தை வைத்துப் பிள்ளையை எண்ணினால் பட்டணமும் சூழலும் பிரிவின் வீதம் வானத்துக்குப் போகும், வெருகலும் மொறவெவவும் பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கும். அது இல்லங்கள் எங்கே கட்டப்பட்டன என்பதன் படம் மட்டுமே. உங்களுக்கு வேண்டியது பிள்ளை இல்லத்துக்கு வருவதற்கு முன் வாழ்ந்த வீட்டின் கிராம உத்தியோகத்தர் பிரிவு. அது அனுமதிப் பதிவேட்டில் இருக்காது, தனிக் கோப்பில் உள்ள சமூக அறிக்கையில்தான் இருக்கும். சில கோப்புகளில் தாயின் முகவரி, சிலவற்றில் கூட்டிக்கொண்டு வந்து விட்டவரின் முகவரி. எது பிள்ளை கடைசியாக 6 மாதமாவது இருந்த இடம் என்பதற்கு ஒரே விதியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, எல்லாக் கோப்புக்கும் அதையே பாவியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. மூதூர்ப் பிள்ளை மட்டக்களப்பில் உள்ள இல்லத்தில் இருக்கலாம், திருகோணமலை நகர இல்லத்தில் வேறு மாவட்டப் பிள்ளை இருக்கலாம். மாவட்ட எல்லைக்குள் உள்ள இல்லங்களை மட்டும் எண்ணினால் இரண்டு பக்கமும் பிழை. நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 13 ஆம் திருத்தத்தோடு மாகாணத்துக்குப் போன விடயம். ஆகவே கிழக்கு மாகாணத் திணைக்களத்திடம் மூன்று மாவட்ட இல்லங்களையும் கேட்டு, அதிலிருந்து திருகோணமலை முகவரிகளைப் பிரித்தெடுங்கள். மாகாணத்துக்கு வெளியே போனவர்கள் அப்போதும் தவறுவார்கள். அந்த வரம்பை அறிக்கையில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

அடுத்தது, பிள்ளை இல்லத்துக்கு வரும் வழி ஒன்றல்ல. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதவான் கட்டளையோடு வருவது ஒன்று. பெற்றோரோ உறவினரோ தாமே கொண்டுவந்து சேர்ப்பது இன்னொன்று. நீதிமன்றப் பதிவை மட்டும் எடுத்தால் இரண்டாவது கூட்டம் முழுவதும் காணாமல் போய்விடும். வறுமைக்காகச் சேர்க்கப்படுபவர்கள் கூடுதலாக இருப்பதும் அந்தக் கூட்டத்தில்தான். இலங்கை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்பது பழைய செய்தி. "அநாதை இல்லம்" என்ற பெயர்ப் பலகையை நம்பி வகைப்படுத்த வேண்டாம்.

வயது எல்லையையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறுவர் என்றும் 14 முதல் 16 வரையானவரை இளம் ஆள் என்றும் பிரித்தது. பழைய பதிவேடுகளில் அந்தப் பிரிப்பு அப்படியே கிடக்கும். பிறந்த திகதியை எடுத்து 0–17 என்று மீளக் கணக்கிடுங்கள்.

இனிப் பகுதி எண் (வகுக்கும் எண்). 2012 தொகைமதிப்பை இந்த மாவட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாவிக்க முடியாது. சம்பூர்ப் பக்கத்தைப் பாருங்கள். 2006 இல் இடம்பெயர்ந்த சனம் 2015 இல் காணி விடுவிக்கப்பட்ட பிறகுதான் திரும்பத் தொடங்கியது. அந்தக் கிராமங்களில் 2012 இன் பிள்ளைத் தொகை இல்லாததற்குச் சமம். இன்றைய எண்ணிக்கையை அதால் வகுத்தால் மாவட்டத்திலேயே மோசமான இடம் சம்பூர் என்று வரும். 2024 தொகைமதிப்பின் கிராம மட்ட வயது அட்டவணையைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். அது கைக்கு வரும் வரை, 5 வயதுக்குட்பட்டோருக்குக் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவு, 5 முதல் 16 வரை வலயக் கல்வி அலுவலகத்தின் மாணவர் தொகை, பிரதேச செயலகத்தின் வளத் திரட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லைகள் பொருந்தாது என்பதையும் மனதில் வையுங்கள். கிண்ணியா பிரதேச செயலகத்துக்குள் குறிஞ்சாக்கேணி தனிச் சுகாதாரப் பிரிவு. பட்டணமும் சூழலும் பிரிவுக்குள் உப்புவெளி தனி. கல்வி வலயங்கள் அவற்றோடும் சேராது. மாணவர் தொகையில் இன்னொரு பொறி, அது பாடசாலை இருக்கும் இடத்தின் கணக்கு, பிள்ளையின் வீட்டின் கணக்கு அல்ல.

எண்ணெழுத்து எழுதியது:

11 புள்ளிகளை வைத்து இணைபுக் குணகம் எடுப்பதை விட்டுவிடுங்கள். ஒரு பிரிவு நகர்ந்தால் விடை மாறும். அதோடு, பிரிவு மட்டத்தில் தெரியும் தொடர்பைக் குடும்ப மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பேசுவதும் தவறு. வறிய பிரிவில் இருந்து பிள்ளைகள் கூடுதலாகப் போனால், போனவை அங்குள்ள வறிய குடும்பத்துப் பிள்ளைகள்தான் என்று அந்தக் கணக்கு காட்டாது.

பைவாட்டர்ஸ் குழு ஒப்பிட்டது உள்ளூராட்சிகளை மட்டுமல்ல, சராசரியாக 1,500 பேர் வாழும் சிறு அயல்களை. அதுதான் அந்த ஆய்வின் பலம். இங்கே நமக்கு ஓர் அதிர்ஷ்டம்: 2012 இல் மாவட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர், 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். சராசரி 1,650. அளவு ஏறக்குறைய ஒன்றே. அதனால் அலகு கிராம உத்தியோகத்தர் பிரிவாகவே இருக்கட்டும்.

ஆனால் தனித்தனிப் பிரிவுக்கு வீதம் எழுதக் கூடாது. கற்பனை எண்ணில் பாருங்கள். 500 பிள்ளைகள் உள்ள பிரிவில் ஒரு பிள்ளை இல்லத்தில் இருந்தால் 10,000 க்கு 20. புவாசோன் முறையில் (அரிய நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கான கணக்கு) 95 சதவீத நம்பிக்கை ஆயிடை, அதாவது உண்மை வீதம் இருக்கக்கூடிய எல்லை, எடுத்தால் 0.5 இலிருந்து 111 வரை விரியும். அப்படி ஓர் எண்ணை வைத்து ஒரு கிராமத்தைப் பற்றி ஒன்றும் பேச முடியாது. 12,000 பிள்ளைகளில் 18 பேர் என்றால் 10,000 க்கு 15, ஆயிடை 8.9 முதல் 23.7 வரை. அதுவும் அகலம்தான், ஆனாலும் பேசலாம். எனவே 230 பிரிவுகளையும் வறுமைச் சுட்டியால் வரிசைப்படுத்தி, பிள்ளைத் தொகை சமமாக வரும்படி ஐந்து கூறாக்குங்கள். பிரிவுகளின் எண்ணிக்கையைச் சமமாக்க வேண்டாம், பிள்ளைத் தொகையைச் சமமாக்க வேண்டும். குறைந்தது 3 ஆண்டு, முடிந்தால் 5 ஆண்டு அனுமதிகளைச் சேர்த்து எண்ணுங்கள். மிக வறிய கூறின் வீதத்தை மிக வசதியான கூறின் வீதத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பிரித்தானியாவின் 10 மடங்கோடு ஓரளவு ஒப்பிடக்கூடிய எண். அதுவும் ஓரளவுதான். அங்கே பத்துக் கூறு, இங்கே ஐந்து. கூறு அகலமானால் விகிதம் தானாகவே சுருங்கும்.

இருப்பையும் வரவையும் குழப்பாதீர்கள். ஓரிடத்தில் இருந்து ஆண்டுக்கு 10 பிள்ளைகள் வந்து ஒவ்வொருவரும் ஓராண்டு இருந்துவிட்டுப் போகிறார்கள். இன்னோரிடத்தில் இருந்து ஆண்டுக்கு 2 பேர் வந்து 5 ஆண்டு தங்குகிறார்கள். எந்த நாளில் எண்ணினாலும் இரண்டிலும் 10 பேர்தான். முதலாவதில் வரவு கூட, இரண்டாவதில் பிள்ளை வீடு திரும்புவதில்லை. இரண்டுக்கும் காரணம் வேறு. அனுமதித் திகதி, விடுவித்த திகதி இரண்டையும் எடுங்கள். எந்த மாதத்தில் வந்தார்கள் என்பதையும் பாருங்கள். பாடசாலை ஆண்டு தொடங்கும் நேரத்தில் குவிந்தால், இல்லம் அங்கே விடுதியாகப் பயன்படுகிறது என்று ஐயப்பட இடமுண்டு.

கொட்டியாரம் எழுதியது:

வறுமைச் சுட்டியைப் பற்றி மட்டும் ஒரு சொல். கூரை, சுவர், மலசலகூடம் என்று தொகைமதிப்பின் வீட்டு விபரங்களைக் கூட்டிச் சுட்டி செய்வதுதான் வழக்கம். மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கங்களில் அது உங்களை ஏமாற்றும். சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் வந்த வீட்டுத் திட்டங்களால் கல்வீடும் மலசலகூடமும் உண்டு, வீட்டுக்குள் வருமானம் இல்லை. சுட்டியில் அந்தக் கிராமம் நடுத்தரம் என்று வந்துவிடும். திட்ட வீடுகள் கூடிய பிரிவுகளில் கட்டடப் பொருளுக்கு நிறை குறைத்து, குடிநீர் எடுக்கும் இடம், விறகு அடுப்பு, தலைவரின் தொழில், பெண் தலைமைக் குடும்பம் இவற்றைக் கூட்டிப் பாருங்கள்.

அஸ்வெசும 6 பரிமாணங்களில் 22 குறிகாட்டிகளை வைத்துத் தெரிவு செய்கிறது, அதனால் அதற்கு முந்திய சமுர்த்தி உதவித் திட்டப் பட்டியலை விடச் சீரானது. ஆனால் அது விண்ணப்பித்தவர்களின் பட்டியல். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, காணிப் பத்திரம் என்று ஏதோ ஒன்றில் தடக்கி விண்ணப்பிக்காமல் விட்ட குடும்பம் அதில் இல்லை. மேன்முறையீடுகளால் எண்ணும் மாறிக்கொண்டிருக்கும். எந்தத் திகதிப் பட்டியல் என்று குறிக்காமல் பாவித்தால் பிறகு யாரும் உங்கள் கணக்கைத் திருப்பிச் செய்து பார்க்க முடியாது. பாடசாலை இடைவிலகலைச் சுட்டிக்குள் சேர்க்கவே வேண்டாம். இல்லத்துக்கு அனுப்பும் காரணங்களில் அதுவும் ஒன்று. சேர்த்தால் விளைவை வைத்தே விளைவை விளக்கியதாகிவிடும்.

கடற்கரைவீதி எழுதியது:

மிக்க நன்றி. கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு மாறுகிறேன். இரண்டு கேள்வி மிச்சம். கோப்பில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதை வைத்து வறுமையால் வந்தவர்களைத் தனியாகப் பிரிக்கலாமா? மற்றது அந்தத் தலைகீழ் விதி.

நிலாவெளிஅக்கா எழுதியது:

காரணக் கட்டத்தை அப்படியே நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் ஒன்றுதான் எழுத இடம். எழுதுபவர் உண்மையில் பாரமான காரணத்தை விட, கட்டளைக்கும் அனுமதிக்கும் பொருந்துகிற காரணத்தையே எழுதுவார். நீதிமன்றத்துக்குப் "பாதுகாப்பும் பராமரிப்பும் தேவை" என்று காட்ட வேண்டும். வறுமை மட்டும் அதற்குப் போதாது, எனவே "கவனிப்பின்மை" என்று வரும். இல்லத்துக்கு நேரே கொண்டுவந்து விடும்போது அதே குடும்பத்துக்கு "வறுமை" என்று வரும். ஒரே நிலைமைக்கு இரண்டு பெயர். பிரிக்க வேண்டுமானால் சமூக அறிக்கையின் முழு வாசகத்தையும் படித்து, ஒரு பிள்ளைக்குப் பல குறிகள் போடுங்கள்: வருமானம், பெற்றோர் பிரிவு, மரணம், தாய் வெளிநாடு, மதுப் பாவனை, வன்முறை, பாடசாலைத் தூரம், அங்கவீனம். இருவர் தனித்தனியே குறியிட்டு ஒத்துவருகிறதா என்று ஒப்பிட வேண்டும். 50 கோப்பில் முன்னோட்டம் செய்தால் எந்தக் குறி குழப்புகிறது என்று தெரிந்துவிடும்.

"தாய் வெளிநாடு" என்பதில் கூடுதல் கவனம். 2013 இலிருந்து வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. அந்த விதி வந்த பிறகு சிறு பிள்ளை இருப்பதை மறைப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. பிள்ளை அம்மம்மாவின் பெயரில் நிற்கும். ஆண்டுவாரியாகப் பார்த்துக் குறைந்திருக்கிறது என்று எழுதுமுன் இதை யோசியுங்கள்.

உங்கள் ஆய்வின் பெரிய ஓட்டை இல்லத்துக்கு வெளியே இருக்கிறது. தாய்தகப்பன் இல்லாத அல்லது தூரத்தில் உள்ள பிள்ளைகளில் பலர் அம்மம்மா, பெரியம்மா, மாமி வீட்டில் வளர்கிறார்கள். எந்தப் பதிவிலும் இல்லை, எந்த உதவியும் இல்லை. உறவுக்காரரிடம் வைத்துக்கொள்ள வழியுள்ள சமூகத்தில் இல்ல வீதம் குறைவாக வரும், தேவை குறைவு என்று அர்த்தமில்லை. வட அயர்லாந்தைப் பாருங்கள். பிரித்தானியாவின் மற்ற நாடுகளை விட வறுமை கூடிய இடம், ஆனால் பராமரிப்பு வீதம் குறைவு. வறுமை மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அந்த ஆய்வே சாட்சி. நம் மாவட்டத்தில் மூன்று சமூகங்கள். கிண்ணியா, மூதூரில் மத்ரசா விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை எண்ணுவதா விடுவதா என்று முதலிலேயே முடிவெடுங்கள். என் கருத்து, விடுங்கள். அது கல்வித் தெரிவு. சேர்த்தால் ஒரு சமூகத்தின் வீதம் மட்டும் வீங்கும்.

வெருகலாறு எழுதியது:

அக்கா, அதில் நான் உடன்படவில்லை. அப்படியானால் வெருகலில் இருந்து "படிக்க வைக்க" என்று நகர இல்லத்துக்கு அனுப்பப்படும் தமிழ்ப் பிள்ளையும் கல்வித் தெரிவுதானே? பிக்குகள் தங்கிப் படிக்கும் பிரிவெனாவும் அப்படியே. ஒன்றை எண்ணி மற்றதை விட்டால் அட்டவணையே சமூகங்களுக்கிடையில் பொய் சொல்லும். இரண்டு அட்டவணை போடட்டும். ஒன்று நன்னடத்தைத் திணைக்களத்தில் பதிவான இல்லங்கள், மற்றது குடும்பத்துக்கு வெளியே தங்கும் எல்லாப் பிள்ளைகளும். இரண்டாவதற்குத் தரவு முழுமையாக வராது, ஆனால் கேள்வியையாவது மூடாமல் வைக்கும்.

நிலாவெளிஅக்கா எழுதியது:

இரண்டு அட்டவணை என்றால் சரி. இனத்தை மட்டும் வறுமையில் இருந்து பிரித்து எழுத வேண்டாம். ஒரே வறுமைக் கூறுக்குள் வைத்துத்தான் சமூகங்களை ஒப்பிட வேண்டும்.

இன்னுமொன்று: பதிவேடுகளை ஒன்றோடொன்று கூட்டாதீர்கள். மாகாண நன்னடத்தை உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர், பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகம் நாலு பேரிடமும் ஒரே பிள்ளை இருக்கலாம். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு வருவது முறைப்பாடுகளின் எண்ணிக்கை, பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல.

எண்ணெழுத்து எழுதியது:

தலைகீழ் விதிக்கு வருகிறேன். மருத்துவத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971 இல் லான்செட்டில் எழுதிய கருத்தின் சாயலில் வைத்த பெயர். ஒரே அளவு வறுமையுள்ள இரண்டு அயல்களை எடுத்தால், வசதியான உள்ளூராட்சிக்குள் இருக்கும் அயலில் இருந்துதான் பிள்ளைகள் கூடுதலாகப் பராமரிப்புக்குள் எடுக்கப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். வறிய உள்ளூராட்சியில் தேவை நிறைய, ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் ஆளும் பணமும் குறைவு, தலையிடும் வாசல் உயர்ந்துவிடுகிறது.

இங்கே சோதிக்க இரண்டு மட்டங்கள் வேண்டும். கீழே கிராம உத்தியோகத்தர் பிரிவின் வறுமை, மேலே முடிவெடுக்கும் அலகின் சராசரி வறுமை. இல்லத்துக்குப் போன பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் புவாசோன் பிற்செலவு (Poisson regression), பிரிவின் மொத்தப் பிள்ளைத் தொகையின் மடக்கை ஈடாக (offset). பரம்பல் அகன்றால் எதிர் ஈருறுப்பு (negative binomial) மாதிரி. கீழ்மட்ட வறுமையை நிலையாக வைத்த பிறகு மேல்மட்டக் குணகம் மறையாக வந்தால் தலைகீழ் விதியின் தடம்.

சிக்கல், மேல் அலகு எது? இங்கிலாந்தில் உள்ளூராட்சிக்கே அதிகாரமும் வரவு செலவும். இங்கே பிரதேச செயலகம் பிள்ளையை எடுப்பதில்லை. நன்னடத்தை உத்தியோகத்தரும் நீதவானும்தான். எனவே மேல் அலகாகத் திருகோணமலை, மூதூர், கந்தளாய் போன்ற நீதிமன்ற நியாயாதிக்கங்களை அல்லது நன்னடத்தைப் பிரிவுகளை எடுப்பதுதான் நேர்மை. அப்படிச் செய்தால் ஒரு மாவட்டத்தில் கைவிரல் எண்ணிக்கைதான் மிஞ்சும், மாதிரி ஓடாது. பிரதேச செயலகத்தையே எடுத்தாலும் 11. முழுக் கிழக்கு மாகாணத்தையும் எடுத்தால் மட்டக்களப்பின் 14, அம்பாறையின் 20 சேர்ந்து 45 வரும். அது ஓடும், திணைக்களமும் ஒன்றே. முதுமாணி ஆய்வென்றால் திருகோணமலையில் ஐந்து கூறு விபரிப்போடு நிறுத்துங்கள், விதியைச் "சோதித்தேன்" என்று எழுதாதீர்கள்.

வழங்கலைத் தனி மாறியாக வையுங்கள்: ஒவ்வொரு கிராமத்தில் இருந்தும் கிட்டிய இல்லத்துக்கும் கிட்டிய நன்னடத்தை அலுவலகத்துக்கும் தெருவழித் தூரம், அலுவலகத்தில் நிரப்பப்பட்ட பதவிகள். நேர்கோட்டுத் தூரம் இந்த மாவட்டத்தில் உதவாது, நடுவே கொட்டியாரக்குடா. பழைய தரவையும் சேர்ப்பதானால் கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்ததைக் குறித்து வையுங்கள். அதற்கு முன் கிண்ணியா, மூதூரில் முறைப்பாடு குறைவாகத் தெரிந்தால் பாதைப்படகுக்கும் அதில் பங்குண்டு.

நிலாவெளிஅக்கா எழுதியது:

அனுமதிக்கு: பல்கலைக்கழக நெறிமுறைக் குழு முதலில், பிறகு மாகாண நன்னடத்தை ஆணையாளர், அதன் பிறகு ஒவ்வொரு இல்லத்தின் முகாமைக் குழு. வழக்குக் கோப்பு வேண்டுமென்றால் நீதவானின் அனுமதி தனி. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுவரின் தரவு விசேட வகைக்குள் வருகிறது. எனவே பெயரையும் வீட்டு இலக்கத்தையும் நீங்கள் எடுக்கவே கூடாது. கோப்பை வைத்திருப்பவரே கிராம உத்தியோகத்தர் பிரிவின் குறியீடு, பிறந்த ஆண்டு, பால், வந்த வழி, வந்த மாதமும் ஆண்டும், போன மாதமும் ஆண்டும் என்று ஒரு தாளில் நிரப்பித் தரட்டும். குறி போடும் சமூக அறிக்கையையும் பெயர் மறைத்த பிறகு அலுவலகத்துக்குள்ளேயே இருந்து படியுங்கள், பிரதி கேட்காதீர்கள்.

மொத்த எண்ணிக்கைகளுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "இல்லங்களின் விபரம் தருக" என்று எழுதினால் இல்லங்களின் பெயர்ப் பட்டியல்தான் வரும். "2020 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அனுமதிக்கப்பட்ட 18 வயதுக்குட்பட்டோர், அனுமதிக்கு முன் வசித்த பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, நீதிமன்றக் கட்டளையுடன், கட்டளையின்றி எனப் பிரித்து" என்று எழுதுங்கள்.

வெளியிடும்போது அட்டவணையில் 5 க்குக் குறைந்த எண் வரும் எந்தக் கட்டத்தையும் மறையுங்கள். ஒரு வரியில் ஒரே கட்டத்தை மட்டும் மறைத்தால் கூட்டுத்தொகையில் இருந்து கழித்துக் கண்டுபிடிப்பார்கள், இரண்டாவது ஒன்றையும் மறைக்க வேண்டும். கிராமப் பெயரோடு வரைபடம் போடவே வேண்டாம். 400 குடும்பம் உள்ள ஊரில் "இரு பிள்ளைகள்" என்று எழுதினால் அது யார் வீடு என்று அங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.